காணி உறுதியும் வாக்குறுதியும்

இடப்பெயர்வு நேர்ந்த காலத்திலே யாழ்ப்பாணத்து மக்கள் தம் இல்லங்களிலிருந்து எதை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர் என்று வினவினால், அநேகமாக எல்லாரிடமிருந்தும் ஒரே விடைதான் கிடைக்கும். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, உலையிலிட்ட அரிசியை அப்படியே விட்டுச் சென்றவர் உண்டு. மாட்டைக் கட்டவிழ்த்துவிட்டுச் சென்றவர் உண்டு. பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் பேரனார் சேர்த்துவைத்த ஏடுகளையும் அலுமாரியோடு விட்டுச் சென்றவரும் உண்டு. ஆயின் காணி உறுதியை விட்டுச் சென்றவரைக் காண்பது அரிது. அந்த மடித்த கடதாசி மடியிலும் மார்பிலும் ஒதுங்கி ஊர் ஊராகச் சென்றது. நிலம் கையை விட்டுப் போனபோதும் நிலத்துக்குரிய சான்று கையிலே இருந்தது.

காணிச் சாசனத்தை 'உறுதி' என்று வழங்குதல் எம் நாட்டுத் தமிழரின் அழகிய வழக்குகளுள் ஒன்று. அவ்வுறுதியைக் காப்பதற்கு உரியவனின் றங்குப்பெட்டி ஒன்றையே நம்பியிருக்கச் சட்டம் விரும்பவில்லை. முடித்த உறுதியின் ஒரு பிரதி உரியவனிடம் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசின் கட்டிலே தங்கும். இன்னொரு பிரதி காணிப் பதிவுக் கந்தோருக்குப் போகும். ஆதலால் பெட்டி எரிந்தாலும் உறுதி எரிந்துபோவதில்லை.

இதே சொல் வேறொரு சொல்லின் கடையிலும் நின்று எம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது 'வாக்குறுதி'. தேர்தற் காலத்திலே எம் படலையைத் திறந்து வருவோர் கையிலே தந்து செல்லும் துண்டுப்பிரசுரம், எழுத்திலே தரப்படும் வாக்குறுதியன்றி வேறென்ன? அதன் பிரதி எங்கே? தந்தவர் அதனை நினைப்பதில்லை. பெற்றவர் மறுநாட் காலையில் அதைக் கொண்டு அடுப்பு மூட்டுகிறார். அல்லது அது கடலைச் சுருளாகிக் கோயில் வீதியிலே மிதிபடுகிறது. காணி உறுதிக்குப் பதிவுக் கந்தோர் இருத்தல் போல வாக்குறுதிக்கும் ஒரு பதிவுக் கந்தோர் வேண்டும். அது பல்கலைக்கழக நூலகமாகவே இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துரைக்க விரும்பும் வழக்கு.

ஒருநாட் கடதாசிகள்

துண்டுப்பிரசுரம், சுவரொட்டி, கூட்ட அறிவித்தல், வேட்பாளரின் விஞ்ஞாபனம், மாதிரி வாக்குச்சீட்டு, மேடையிலே பாடுதற்கென அச்சிட்ட பாட்டுப் புத்தகம், சின்னம் பொறித்த சிறு கொடி என்றின்னோரன்னவற்றை மேனாட்டு நூலகத்தார் 'எபெமரா' என்னும் கிரேக்கச் சொல்லால் அழைப்பர். ஒரு நாள் வாழ்வன என்பது அதன் பொருள். ஒரு நாளைக்கென்றே பிறந்த பொருளை ஒரு நூற்றாண்டுக்குக் காக்க முயல்தல் பேதைமை போலத் தோன்றலாம். ஆயினும் நிலைத்திருக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நூலிலே ஆசிரியன் வருங்காலத்தை நோக்கித் தன் முகத்தைத் திருத்திக்கொள்கிறான். ஒருநாட் கடதாசிக்கு அந்த அவகாசம் இல்லை. அது அன்றைய மனிதன் அன்றைய மனிதனோடு பேசிய பேச்சு. அதனாலேயே வரலாற்றாசிரியனுக்கு அது பெறுமதி உடையதாகின்றது.

தமிழர் வரலாற்றிலே தேர்தல் பற்றிய பழஞ்சான்றாக நாம் பெருமையோடு காட்டுவது உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களையாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தனவாகப் பொறிக்கப்பட்ட அவை, ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, அறியாப் பாலன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தகுதி எது, தகுதியின்மை எது என்பவற்றையெல்லாம் கல் இன்றளவும் கூறுகின்றது. ஆயின் அந்தக் குடத்திலிட்ட ஓலைகளுள் ஒன்றேனும் எம் கைக்கு எட்டவில்லை. சட்டம் கல்லிலே எழுதப்பட்டமையால் வாழ்ந்தது. மனிதர் ஓலையிலே எழுதப்பட்டமையால் அழிந்தனர். எடுக்கப்படாத ஓலையிலே எவர் பெயர் இருந்தது என்று இனி எவராலும் கூறல் இயலாது.

தோற்றவனும் வராதவனும்

இக்காலத்து அரசாங்க வர்த்தமானியும் அத்தகைய கல்லே. வென்றவர் யார், பெற்ற வாக்கு எத்தனை, நிராகரிக்கப்பட்டவை எத்தனை என்று அது திட்டமாகக் கூறும். எதைச் சொல்லி வென்றார், எதைச் சொல்லித் தோற்றார் என்பதை அது கூறாது. இதனை எம் நாட்டு வரலாற்றிலிருந்தே மூன்று நிகழ்ச்சிகளால் விளக்கலாம்.

டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாரும் வாக்களிக்கும் உரிமை பெற்று, 1931ஆம் ஆண்டிலே முதலாவது அரசாங்கசபைத் தேர்தல் நடைபெற்றது. ஆசியாவிலே சர்வசன வாக்குரிமையைக் கொண்டு நடந்த முன்னோடித் தேர்தல் அது. ஆயின் யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளில் வேட்புமனுக் கொடுப்பார் ஒருவருமிலர். பூரண சுயராச்சியம் அன்றி வேறொன்றையும் ஏலோம் என்று கூறிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அத்தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தது. 1934ஆம் ஆண்டிலேதான் அவ்வாசனங்களுக்குத் தேர்தல் நடந்தது. நடவாத தேர்தலுக்கு வாக்கு எண்ணிக்கை இல்லை. முடிவுப் பத்திரம் இல்லை. இளைஞர் எப்படிப் பேசினர், பெரியோர் எப்படி இசைந்தனர், இசையாதோர் யாது கூறினர் என்பவற்றை அக்காலத்துப் பத்திரிகைகளிலும் பிரசுரங்களிலுமே தேடல் வேண்டும். இன்றும் அப்பகிஷ்காரம் தீர்க்கதரிசனமோ பெரும்பிழையோ என்று வாதிடுகிறோம். வாதத்துக்கு வேண்டிய மூலச் சான்றுகள் கையில் இல்லாதபோது வாதம் நீளுமேயன்றித் தெளிவு பிறவாது.

இரண்டாவது, 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல். காங்கேசன்துறையிலே தமிழரசுக் கட்சியின் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம், ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பிலே நின்ற சு. நடேசபிள்ளையிடம் தோல்வியுற்றார். நான்காண்டுகள் கழிந்து 1956இல் அதே தொகுதி செல்வநாயகத்தைப் பெருமதிப்போடு தெரிந்தெடுத்தது. இடையிலே மக்களின் மனம் மாறிய கதையை எண்கள் சொல்லமாட்டா. 1952இல் படலைக்குப் படலை சென்ற கடதாசியையும் 1956இல் சென்ற கடதாசியையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவனுக்கே அக்கதை புலனாகும்.

மூன்றாவது, கடதாசி இல்லாமையே சான்றாகும் நிகழ்ச்சி. 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தோட்டப்பகுதிகளில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் போட்டியிட்டுப் பல ஆசனங்களை வென்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதன்பின் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952இல் லயத்து வாசலுக்குத் தமிழிலே அச்சிட்ட பிரசுரத்தைக் கொண்டு செல்ல வேண்டிய தேவை வேட்பாளருக்கு இல்லாது போயிற்று. ஒரு மக்கட் கூட்டம் வாக்கை இழந்தது என்பதைச் சட்டப்புத்தகம் ஒரு வரியிலே கூறிவிடும். அவர்களோடு பேசவே ஒருவரும் வராதொழிந்தனர் என்பதை ஆண்டுவாரியாக அடுக்கிய பிரசுரக் கோப்பிலே தோன்றும் வெற்றிடமே உணர்த்தும்.

ஒரு துண்டிலே எத்தனை செய்தி

துண்டுப்பிரசுரத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு அதன் அடிவரி முதலிற் கண்ணிற்படும். அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இன்றித் தேர்தற் பிரசுரம் வெளியிடுதல் எம் நாட்டுத் தேர்தற் சட்டப்படி குற்றமாகும். 1946ஆம் ஆண்டின் தேர்தற் கட்டளையிலும் 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்திலும் இவ்விதி உண்டு. குற்றத்தைத் தடுக்க எழுந்த இவ்விதி, எண்ணாமலே அச்சுக்கலை வரலாற்றுக்கு உதவியது. சந்தையடியிலும் பஸ் நிலையத்தருகிலும் இருந்து மறைந்த எத்தனையோ சிற்றச்சகங்களின் பெயர்கள் அந்த அடிவரியிலே வாழ்கின்றன. கோயிற் கொடியேற்ற அறிவித்தலும், கல்யாண அழைப்பும், முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் 'கல்வெட்டு' என்னும் நினைவுப் பிரபந்தமும், கட்சிப் பிரசுரமும் ஒரே எழுத்துக்களால், ஒரே தொழிலாளியின் விரல்களாற் கோக்கப்பட்டவை. ஆதலால் தேர்தற் கடதாசியையும் ஊரின் ஏனைய பழம் அச்சுக்களையும் தனித்தனியே பிரித்தல் இயலாது. ஒன்றைக் காக்கப் புகுந்தவன் மற்றவற்றையும் காத்தல் வேண்டும்.

அடுத்தது சின்னம். அரசாங்கசபைக் காலத்திலே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறமும் நிறத்துக்கொரு பெட்டியும் இருந்தன. அன்று மக்கள் நிறத்துக்கே வாக்களித்தனர். பின்னர்ச் சின்னங்கள் வந்தன. தமிழ்க் காங்கிரசின் சைக்கிளும் தமிழரசுக் கட்சியின் வீடும் நேருக்குநேர் நின்ற காலமும், 1977இல் அவை பின்னிற்க உதயசூரியன் எழுந்த காலமும், 2001இல் அச்சூரியனின்கீழ் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 2004இல் வீட்டுக்குத் திரும்பிய காலமும், கட்சிகளின் கூடலையும் ஊடலையும் காட்டும் சித்திரத் தொடராகும். 1982ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நடந்த சர்வசன வாக்கெடுப்பிலே கட்சிச் சின்னம் எதுவும் இல்லை. பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டுதற்கு இசைவோர் விளக்குக்கும் இசையாதோர் குடத்துக்கும் புள்ளடியிட்டனர். யாழ்ப்பாணம் குடத்தையே பெரிதும் விரும்பியது. 1989ஆம் ஆண்டு முதல் விகிதாசார முறையிலே விருப்பு வாக்கு வந்தபின், சின்னத்தின் அருகே வேட்பாளரின் இலக்கமும் பெரிதாக அச்சேறியது. ஒரே கட்சியினர் தம்முள்ளேயே போட்டியிடத் தொடங்கிய மாற்றத்தை அந்த இலக்கத்தின் பருமன் ஒன்றே காட்டும்.

மொழியும் இலக்கியமும் பயில்வோருக்கு இக்கடதாசிகள் தரும் செல்வம் தனி. தந்தை, தளபதி, இரும்பு மனிதர், சொல்லின் செல்வர், அடங்காத் தமிழர் என்னும் பட்டங்கள் எம் அரசியலிலே எவ்வாறு ஏறின, எவ்வாறு தேய்ந்தன என்பதற்கு அகராதி இல்லை, சுவரொட்டியே அகராதி. செந்தமிழ் மேடைத்தமிழாகியதும், மேடைத்தமிழிலே ஊர்ப்பேச்சுப் புகுந்ததும் அங்கேதான் முதலிற் புலனாகும்.

இவ்விடத்திலே நல்லூர் ஆறுமுகநாவலரை நினைத்தல் தகும். நாவலர் தம் காலத்து வழக்குகளின்பொருட்டு எழுதி அச்சிட்டுப் பரப்பிய பிரசுரங்கள் பல. விக்கியாபனம் என்று அவர் பெயரிட்ட அவை, அன்றைய சச்சரவுக்கு அன்றே விடைகூற எழுந்தவை. அவருடைய தமையனாரின் மைந்தர் த. கைலாசபிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்துப் பிரபந்தத்திரட்டாக்கினார். அத்தொகுப்பு இல்லாதிருந்தால், வசனநடை கைவந்த வல்லாளரின் சினமும் எள்ளலும் ததும்பும் உரைநடையின் ஒரு பெரும் பகுதியை நாம் இழந்திருப்போம். 1879இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாக யார் வருதல் வேண்டும் என்ற கேள்வி எழுந்தபோது பொன்னம்பலம் இராமநாதனுக்காக முன்னின்று உழைத்தவரும் நாவலரே. தமிழ் உரைநடையின் பேராசான் துண்டுப்பிரசுரக்காரராகவும் இருந்தார் என்பதை அறிந்தோர் அவ்வகை எழுத்தை இழிவாக எண்ணமாட்டார்.

பொய்யையும் காக்கலாமோ?

தேர்தற் பிரசுரம் பெரும்பாலும் பொய்யன்றோ, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமோ என்று கேட்போர் உளர். மறுவேட்பாளரின் குலத்தையும் குடும்பத்தையும் இழித்துரைக்கும் மொட்டைப் பிரசுரங்களை நூலகத்திலே வைத்தல் அறிவுக்கோயிலை அசுத்தப்படுத்துவதாகாதோ என்பாரும் உளர். இவ்வினாக்களைப் புறக்கணித்தல் நேர்மையன்று.

பொய் பொய்யென்று தெரியவரவேண்டுமாயின் அது எழுத்திலே இருத்தல் வேண்டும். 24 மணித்தியாலத்திலே சிங்களத்தை ஆட்சிமொழியாக்குவோம் என்ற 1956ஆம் ஆண்டுக் கோஷம் தேர்தல் மேடையிலே பிறந்தது. சில மாதங்களுள் அது சட்டமாயிற்று. மேடைச் சொல் வெறும் காற்று என்று நினைத்தவர்க்கு அது தக்க பாடம். நிறைவேறிய வாக்குறுதியும் நிறைவேறாத வாக்குறுதியும் ஒரே கோப்பில் இருந்தாலன்றி எவரையும் கணக்குக் கேட்டல் இயலாது. அன்றியும் சாதியின் பெயரால் விடுக்கப்பட்ட வசை, அதற்கு ஒடுக்கப்பட்டோர் கொடுத்த மறுமொழி ஆகிய இரண்டும் எம் சமூக வரலாற்றின் பகுதிகள். எமக்கு வெட்கந் தருபவற்றைக் கழித்துவிட்டுக் காக்கும் மரபுரிமை அரை மரபுரிமையே. உயிரோடிருப்போரின் மானத்தைப் பாதிக்கும் பிரசுரங்களைக் குறித்த காலம்வரை முத்திரையிட்டு வைக்கலாம். எரித்துவிடல் ஆகாது.

எரிந்தனவும் எரித்தனவும்

எரித்தல் என்ற சொல்லை எழுதுங்கால் எம் நெஞ்சு 1981ஆம் ஆண்டுக்குச் செல்லாதிருத்தல் அரிது. அவ்வாண்டு யூன் 4ஆம் நாள் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடைபெறவிருந்தது. மே 31ஆம் நாள் நாச்சிமார் கோயிலடியிலே நடந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் தேர்தற் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டனர். அதனைத் தொடர்ந்து பொலிசாரும் அவரோடு சேர்ந்த கும்பலும் நகரிலே நிகழ்த்திய அழிவிலே யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் தீக்கிரையாயிற்று. 1933இல் க. மு. செல்லப்பா என்னும் அன்பர் தம் இல்லத்திலே சிறிய அளவில் தொடங்கியதும், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதனின் ஆலோசனையைப் பெற்று வளர்ந்ததும், 1959இல் புதிய கட்டடத்திலே குடிபுகுந்ததுமான அந்நிலையத்தின் ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. அதே நாட்களில் 'ஈழநாடு' பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது.

நூலகம் எரிந்த கதையை நாம் பலகாற் கூறியுள்ளோம். அது ஒரு தேர்தலின் வாசலிலே எரிந்தது என்பதை அத்துணை அழுத்தமாகக் கூறுவதில்லை. அவ்வாரத்திலே சுவர்களில் என்ன எழுதியிருந்தது, மேடைகளில் எவர் என்ன வேண்டினர், வாக்களியுங்கள் என்றவர் யாது காரணங் கூறினர், வேண்டாம் என்றவர் யாது காரணங் கூறினர் என்பனவெல்லாம் அந்தத் தீயின் முன்னுரை. முன்னுரையை இழந்தவன் நூலைச் சரிவரப் படித்தவனாகான்.

பிறர் எரித்தவை ஒருபால். நாமே எரித்தவை இன்னொருபால். யுத்த ஆண்டுகளிலே ஒரு கட்சியின் அல்லது இயக்கத்தின் கடதாசி வீட்டிலே அகப்படுதல் உயிருக்கு வினையாயிற்று. சோதனைக்கு அஞ்சிக் கிணற்றடியிலே கட்டுக்கட்டாக எரித்தவர் எத்தனையோ பேர். போத்தலிலும் தகரப் பேணியிலும் இட்டு நிலத்திற் புதைத்துவிட்டுப் பின்னர் இடந் தெரியாது தவித்தவர் எத்தனையோ பேர். அவர்களைக் குறைகூறல் எவர்க்கும் ஆகாது. ஆயின் அதன் பயனாக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே எம் மண்ணிலே நிகழ்ந்த பொதுவாழ்வின் சான்றுகள் இன்று சிதறிய சில வீடுகளின் பெட்டிகளிலேதான் எஞ்சியுள்ளன. அப்பெட்டிகளுக்கு உரியோர் முதுமையடைகின்றனர். வீடு கைமாறும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் பெட்டியும் குப்பையோடு போய்விடுகிறது.

பிறர் செய்தவை

இவ்வகைக் கடதாசியைக் காத்தல் புதிய எண்ணமன்று. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தின் அதிபராயிருந்த ஜோன் ஜோன்சன் என்பவர், எவரும் வேண்டாமென எறிந்த விளம்பரம், சீட்டு, அறிவித்தல் முதலியவற்றைச் சேர்த்தார். அச்சேர்க்கை 1968இல் அப்பல்கலைக்கழகத்தின் பொட்லியன் நூலகத்தை அடைந்து, அதன் பெருஞ்செல்வங்களுள் ஒன்றாயிற்று. லண்டனிலுள்ள தேசிய லிபரல் கழகத்தார் 1892ஆம் ஆண்டு முதலாகச் சேர்த்த பிரித்தானியத் தேர்தல் வேட்பாளரின் விஞ்ஞாபனங்கள் 1976இல் பிரிஸ்டல் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. அங்கே வென்றவரும் தோற்றவரும் ஒரே வரிசையில் இருக்கின்றனர்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் பொதுநலவாய ஆய்வு நிறுவகம் 1960களில் இருந்து பொதுநலவாய நாடுகளின் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் வெளியிட்ட சிறுபிரசுரங்களைத் திரட்டியது. இலங்கைக் கட்சிகளின் வெளியீடுகளும் அவற்றுள் உண்டு. எம் சந்தையடியிலே விநியோகிக்கப்பட்ட கடதாசியைக் காண எம் மாணவன் கடல் கடந்து செல்லவேண்டிய நிலை அவர்களுக்குப் பெருமை, எமக்கோ சிந்தித்தற்குரியது.

ஏன் பல்கலைக்கழக நூலகம்? கட்சிக் காரியாலயம் தன் புகழைக் காக்கும். பிறர் வாக்கைக் காவாது. தனியாரின் சேர்க்கை அவரோடு முடிந்துவிடக்கூடும். பல்கலைக்கழகத்திலோ கேள்வி கேட்கும் இளைஞர் ஆண்டுதோறும் புதிதாய் வருகின்றனர். கேள்வியே ஆவணத்துக்குக் காவல்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்கும் இடமும் இதற்கு இயைபுடையதே. திருநெல்வேலியில் 1921ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவிலே 1974ஆம் ஆண்டு பல்கலைக்கழக வளாகம் ஆரம்பமாயிற்று. இராமநாதன், படித்த இலங்கையருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்துக்கு 1911இல் நடந்த தேர்தலிலே மாக்கஸ் பெர்னாண்டோவை வென்றவர். அவரே டொனமூர் ஆணைக்குழுவினர் பரிந்துரைத்த சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவருமாவார். 1952இல் செல்வநாயகத்தை வென்ற நடேசபிள்ளை அவருடைய மருகர். அக்கல்லூரியின் அதிபராகவும் இருந்தவர். வாக்குரிமை எல்லார்க்கும் ஆகாது என்றவரின் வளவிலே எல்லார் வாக்கின் சான்றும் பேணப்படுமாயின், அது அவரை அவமதிப்பதன்று. எதிர்வழக்கையும் மரியாதையோடு ஏந்தி வைப்பதே கலைக்கழகத்துக்கு அழகு.

செய்யத்தக்கவை

பெரும்பொருள் வேண்டும் என்று மலைத்தல் வேண்டியதில்லை. முதலாவது வேண்டியது காலத்தாற் சேர்த்தல். நூலைப் பத்தாண்டு கழித்தும் விலைக்கு வாங்கலாம். துண்டுப்பிரசுரத்தைப் பத்து நாள் கழித்தும் வாங்கல் இயலாது. தேர்தற் காலத்திலே சுவரொட்டி ஒட்டுதல் சட்டத்தாலே தடுக்கப்பட்டிருத்தலின், ஒட்டியவற்றைப் பொலிசாரே அகற்றிவிடுவர். அவற்றின் ஆயுள் இன்னுங் குறுகியது. ஒவ்வொரு தேர்தலின்போதும் ஊர்தோறும் ஒரு மாணவன் தன் கைக்கு வந்த ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியைக் காத்துத் தேர்தல் முடிந்த வாரத்திலே நூலகத்தில் ஒப்படைத்தால் போதும். சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இதற்கு இயல்பான துணைவர்கள். பிடித்த கட்சி, பிடியாத கட்சி என்ற பேதம் சேர்ப்பவனிடம் இருத்தலாகாது. தான் வெறுக்கும் பிரசுரத்தையும் மடிக்காமற் கொண்டுவருபவனே நல்ல சேகரிப்பாளன்.

இரண்டாவது, பெற்ற வரலாற்றைக் குறித்தல். எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி, எந்த நாள், எந்த ஊரிலே கிடைத்தது, தந்தவர் யார் என்பவற்றை உறையின்மேல் மென்பென்சிலால் எழுதுதல் வேண்டும். பிரசுரங்கள் பலவற்றில் மாதமும் நாளும் இருக்கும், ஆண்டு இராது. அன்று எல்லார்க்கும் தெரிந்த ஆண்டு, ஐம்பதாண்டு கழித்து ஒருவர்க்கும் தெரியாது போகும்.

மூன்றாவது, காத்தல். மலிந்த அச்சுக்கடதாசி மரக்கூழினாற் செய்யப்படுவது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு மஞ்சளித்து அமிலமாகிக் கடதாசியை நொறுங்கச் செய்யும். குண்டூசி துருவேறித் துளையிடும். ஒட்டுநாடா காலத்தாற் கபிலநிறக் கறையாகும். பிளாஸ்திக்குக்குள் உருக்கி ஒட்டினால் பின்னர் மீட்டல் அரிது. அமிலமற்ற உறையிலே மடிப்பு நீக்கித் தட்டையாக இட்டு, இருளும் உலர்வும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வைத்தலே சிறந்த மருந்து. கறையானும் இராமபாணப் பூச்சியும் எம் முன்னோர்க்கும் பகைவரே. அவர்கள் வேப்பிலையும் வசம்பும் இட்டு ஏடு காத்தனர். அவ்விழிப்பே இன்றும் வேண்டுவது. செல்லரித்த சுவடிகளிடையே பழந்தமிழ் நூல்களைத் தேடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றிக் காத்தார். அவர் பிறந்த மண்ணிலே கடதாசி காத்தல் கற்பிக்கவேண்டிய பாடமன்று. நினைவூட்ட வேண்டிய பாடமே.

நான்காவது, படியெடுத்துப் பரப்பல். 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலக முயற்சி, தன்னார்வலர் துணைகொண்டு ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் உலகெங்குமுள்ளோர் படிக்கச் செய்துள்ளது. ஒரே இடத்திலே வைத்தவை ஒரே தீயில் அழியும் என்ற 1981ஆம் ஆண்டுப் பாடத்துக்கு இதுவே தக்க விடை. இப்போது தேர்தற் பிரசாரத்தின் பெரும்பகுதி கடதாசியை விட்டு முகநூலுக்கும் கைத்தொலைபேசிக்கும் சென்றுவிட்டது. அந்தப் பிரசுரம் அடுப்புக்குக்கூட உதவாமல் ஒரு விரல் அசைவில் மறைந்துபோகும். ஆதலால் திரையிலே தோன்றுவனவற்றையும் நாளும் மூலமும் குறித்து அவ்வப்போதே சேர்த்தல் நூலகத்தாரின் புதிய கடமையாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தல் வருங்கால் வகுப்பிலே மாணவரை நோக்கி, வீட்டுக்கு வந்த பிரசுரங்கள் எத்தனை, எவருடையவை என்று கேளுங்கள். பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும்படி பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் சொல்லச் சொல்லுங்கள். பெட்டியின் அடியிலே காணி உறுதி இருக்கும். அதன் மடிப்பினிடையே, எவரும் எண்ணிச் சேர்க்காத ஒரு பழைய தேர்தல் அறிவித்தலும் சிலவேளை இருக்கலாம். உறுதியை மீண்டும் பெட்டியிலே வைத்துவிடுங்கள். அது உங்கள் வளவின் எல்லையைச் சொல்வது. அறிவித்தலை நூலகத்துக்குக் கொடுங்கள். எம் எல்லார்க்கும் ஒரு காலத்திலே யார் யார் என்னென்ன தருவதாகச் சொன்னார்கள் என்பதை அது சொல்லும்.